ஊதுங்க, அண்ணாச்சி

மில் கேட்டில் காவலுக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்.

உங்களிடம் நாலு வார்த்தை பேசும்படி மில்லில் கேட்டார்கள். எனக்குப் பேச வராது. எழுதித் தருகிறேன் என்றேன். ஏழாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையத்தில் இந்த நூல் மில் கேட்டில் இருபத்தாறு வருடம் நின்றேன். லாரி நம்பர் எழுதுவது, பாஸ் பார்ப்பது எல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே பழகிவிடும். அதை எழுதப் போவதில்லை. ஒரு டப்பாவைப் பற்றி எழுதுகிறேன். இப்போது அது கேட்டில் இல்லை. ஏன் இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மில்லுக்குள் எங்கே பார்த்தாலும் பஞ்சு. தரையில் கிடக்கும், காற்றில் பறக்கும், மிஷின் மேல் படிந்திருக்கும். ஒரு தீக்குச்சி போதும். அதனால் பீடி, சிகரெட், தீப்பெட்டி எல்லாவற்றையும் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எட்டு மணி நேரம் பீடி இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்குத்தான் டப்பா. பிஸ்கட் வந்த தகர டப்பா. உள்ளே நறுக்கிய புகையிலை, ஓரத்தில் சுண்ணாம்பு. பீடிக்கட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சிட்டிகை புகையிலை கொடுப்போம். கடைவாயில் அதக்கிக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் எனக்கு முன்னால் இருந்த தலைமை வாட்ச்மேன். டப்பாவை என் கையில் கொடுத்தவரும் அவர்தான்.

"ஒருத்தன் கையில இருந்து ஒண்ண வாங்குனா, பதிலுக்கு ஒண்ணு குடுக்கணும்லே. வெறுங்கையா உள்ள விட்டேன்னா கக்கூஸ்ல போயி பத்த வைப்பான்" என்றார்.

அவர் சொன்னது நடந்தது. ஒரு தடவை நான் புகையிலை வாங்கி வைக்க மறந்து, இரண்டு நாள் டப்பா காலியாகக் கிடந்தது. இரண்டாம் நாள் கழிவுப் பஞ்சு அறைக்குப் பின்னால் எவனோ பீடி பற்றவைத்தான். மூட்டை இரண்டு எரிந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தோம். என் புருவம் பொசுங்கியது. அதற்குப் பிறகு டப்பாவைக் காலியாக விட்டதே இல்லை. கண்ணால் பார்த்த பாடம் தப்பாகுமா என்று நினைத்தேன்.

இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. வாய் மோந்து பார்ப்பது. குடித்துவிட்டு மிஷினிடம் போனால் கை போகும். சந்தேகம் வந்தால் நிறுத்தி, "ஊது" என்பேன். வாடை வந்தால் வீட்டுக்குத்தான். இதில் எனக்குப் பேர் உண்டு.

"நம்ம ராஜபாளையம் நாய்க்கு இருக்க மவுசே போச்சு. வீட்டுக் காவலுக்கு அண்ணாச்சிய வாங்கிக் கட்டிரலாம்" என்று வரிசையில் நின்று கேலி பேசுவார்கள்.

"ஒங்க வீட்டுல களவாங்க என்னலே இருக்கு? ஊதிட்டுப் போ" என்பேன்.

முத்துராசுவுக்கு ஊர் வ. புதுப்பட்டி. ஸ்பின்னிங்கில் மிஷின் பழுது பார்க்கும் பிட்டர். மிஷின் சத்தத்தை வைத்தே எது கோளாறு என்று சொல்லிவிடுவான். குடியில் விழுந்தான். வலிப்பு வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்தது பெரிது. அவன் சம்சாரம் செல்வி நம் மில்லில்தான் நூலைக் கோனில் சுற்றும் மிஷின் ஓட்டுகிறாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள்.

அவன் வேலைக்குத் திரும்புவதற்கு முதல் நாள் செல்வி கேட்டில் என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அவிய நாளைக்கு வாராவ. வாயில எதுவும் போவக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காவ. வீட்டுல நான் பாத்துக்கிடுதேன். இங்கன நீங்க பாத்துக்கோங்க. தெனமும் மோந்து பாருங்க. ஒரு நாளும் விட்ராதீங்க."

"விடமாட்டேன் தாயி. நீ போ."

அவள் சொன்னது, வாயில் எதுவும் போகக்கூடாது என்று. என் காதில் விழுந்தது, குடிக்கக்கூடாது என்று. இந்த இடத்தைத் திரும்ப ஒரு தடவை படித்துவிட்டு மேலே போங்கள்.

சொன்னபடி செய்தேன். தினமும் முத்துராசுவை நிறுத்துவேன். அவன் ஊதுவான். பெண்கள் வரிசையிலிருந்து செல்வி என் முகத்தையே பார்ப்பாள். "சுத்தம்" என்பேன். அதைக் கேட்டபிறகுதான் அவள் கோன் டிபார்ட்மெண்டுக்குப் போவாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். டீ நேரத்தில் முத்துராசு கேட்டுப் பக்கம் வந்தான். ஓர் ஈர்க்குச்சியைக் கடித்துக் கடித்துத் துப்பினான். உட்கார்ந்தான், எழுந்தான், திரும்ப உட்கார்ந்தான்.

"என்னலே?"

"வாய் சும்மா இருக்க மாட்டேங்குது அண்ணாச்சி."

டப்பாவைத் திறந்து நீட்டினேன்.

"வேண்டாம். அவ ஏசுவா."

"குடியத்தானலே விடச் சொன்னா. இது என்ன பிராந்தியா? வாய்க்கு ஒரு வேல குடுத்தா அந்த நெனப்பு வராது."

"வாட வரும்."

"மோந்து பாக்கவனே நான்தானலே."

சிரித்தான். ஆனால் வாங்கவில்லை. மறுநாளும் நீட்டினேன், வாங்கவில்லை. மூன்றாம் நாள் வாங்கினான். போட்ட கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. மருந்து கொடுத்தவன் மாதிரி எனக்கு ஒரு பெருமை.

அதற்குப் பிறகு நான் நீட்ட வேண்டியிருக்கவில்லை. அவனே வந்தான். முதலில் ஒரு நாளைக்கு ஒரு தடவை. பிறகு இரண்டு, மூன்று. வீட்டுக்குப் போகும்போது வாயைக் கொப்பளித்து, கேட்டுக்குப் பக்கத்துக் கொய்யா மரத்தில் இலை பறித்து மென்றுகொண்டு பஸ் ஏறுவான். கை எட்டும் உயரத்தில் அந்த மரத்தில் இலையே இல்லாமல் போனது. அதையும் பார்த்தேன். பார்த்துச் சிரித்தேன்.

காலையில் மட்டும் தவறாமல், "சுத்தம்".

நாலு மாசம் ஆனது. ஒரு திங்கட்கிழமை காலை ஷிப்ட். பஸ் பிந்தி வந்ததால் கேட்டில் ஒரே கூட்டம். சங்கு ஊத ஐந்து நிமிஷம் இருந்தது. முத்துராசு வந்து நின்றான். கண் சொக்கியிருந்தது. பேச்சு மெதுவாக வந்தது.

"என்னலே, கண்ணு ஒரு மாதிரி இருக்கு?"

"பஸ்ல தூக்கம் அண்ணாச்சி."

"ஊது."

ஊதினான். குடி வாடை துளியும் இல்லை. ஆனாலும் என்னவோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். "செத்த சீக்கிரம் விடுங்க அண்ணாச்சி, சங்கு ஊதிரும்" என்று ஒருத்தன் கத்தினான். செல்வி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுத்தம்" என்றேன்.

மூக்கு ஒன்று சொன்னது, கண் ஒன்று சொன்னது. நான் மூக்கை நம்பினேன். பேர் வாங்கினது மூக்குதானே.

அரை மணி நேரத்தில் உள்ளே சத்தம் கேட்டது. ஓடினேன். மிஷினை நிறுத்தாமலே கியர் மூடியைத் திறந்து கையை விட்டிருந்தான். பத்தாண்டு வேலை செய்த பிட்டர். புதிதாக வந்தவன்கூடச் செய்யாத காரியம். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அவன் கத்தவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. தன் கையை வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மில் வண்டியிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். செல்வி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அங்கே நர்ஸ் அவன் சட்டையைக் கழற்றியபோது பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. பாதி காலி. முன்பு குடிக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா வந்தார். என் மகள் வயதுகூட இருக்காது. அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வலி மாத்திரை எப்போ இருந்து சாப்பிடுறார்?"

"என்ன மாத்திர?" என்றாள் செல்வி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, இன்னைக்கும் மோந்து பாத்தீங்கள்லா?"

"பாத்தேன்."

"சுத்தம்னு சொன்னீங்கள்லா?"

"வாட இல்ல தாயி."

"இது அளவுக்கு மேல போட்டா போதை ஏத்துற மாத்திரை. இதுக்கு வாடை கிடையாதும்மா" என்றார் டாக்டரம்மா.

குடித்தால் நான் கண்டுபிடிப்பேன் என்று அவனுக்குத் தெரியும். அதனால் என் மூக்குக்கு எட்டாத ஒன்றைத் தேடிப் போயிருக்கிறான்.

டாக்டரம்மா டார்ச் அடித்து அவன் வாய்க்குள் பார்த்தார்.

"புகையிலை திரும்ப எப்போ ஆரம்பிச்சார்?"

"அதையும் விட்டுட்டாவ. ரெண்டையும்தான விடச் சொன்னீங்க."

"இல்லம்மா. கன்னத்துக்கு உள்ளே வெள்ளையா இருக்கு பாருங்க. தினமும் வைக்கிறார்."

செல்வி எட்டிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. என் நாக்கு தானாகவே என் கடைவாய்க்குப் போனது. காலையில் நான் வைத்த புகையிலை அங்கே இருந்தது.

டாக்டரம்மா வெளியே வந்தபோது பின்னாலேயே போனேன்.

"டாக்டரம்மா, பொயிலைக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?"

அவசரத்தில் இருந்தவர் நின்றார். நான் போட்டிருந்த காக்கியைப் பார்த்தார்.

"மில் கேட்டுலயா இருக்கீங்க? கேட்டுல என்ன பிடுங்கி வைப்பீங்க?"

"தீப்பெட்டி."

"ஏன்?"

"உள்ள பஞ்சு கெடக்கு."

"மூளையிலும் அப்படி ஓர் இடம் இருக்கு. 'இது நல்லாருக்கு, இன்னொரு தடவை வேணும்'னு சொல்ற இடம். புகையிலையில இருக்கிற நிக்கோட்டின் அந்த இடத்தைத்தான் தொடும். சாராயமும் அங்கேதான் போகும், இந்த மாத்திரையும் அங்கேதான் போகும். நிக்கோட்டின் தினமும் போய்ப் போய் அந்த இடத்தைப் பழக்கி வச்சிடுது. அதுக்குப் பிறகு வேற போதை எது வந்தாலும் சட்டுனு பிடிச்சுக்கும், இன்னும் வேணும்னு கேக்கும். புகையிலை போடுற எல்லாரும் இப்படி ஆயிடுறதில்லை. ஆனா ஒரு தடவை குடிக்கு அடிமையாகி மீண்டவருக்கு ரொம்ப ஆபத்து. புகையிலை தீப்பெட்டி இல்லைங்க. அது பஞ்சைப் பரப்பி வைக்கிறது."

இருபது வருஷத்துக்கு மேலாகத் தீப்பெட்டியைப் பிடுங்கி வைத்தேன். அதே கையால் ஒவ்வொருத்தன் தலைக்குள்ளும் பஞ்சைப் பரப்பி அனுப்பினேன்.

"அவனுக்குப் பொயிலை குடுத்தது நான்தான்."

அவர் திட்டவில்லை. "அதை அவங்ககிட்ட சொல்லுங்க. என்கிட்ட இல்ல" என்றார்.

அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை. வெளியே வந்து ராஜபாளையம் பஸ் ஏறினேன். இறங்கும்போது பார்த்தால், என்னை அறியாமல் இன்னொரு சிட்டிகை போட்டிருக்கிறேன். எப்போது போட்டேன் என்று நினைவில்லை. அதில்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

மூன்றாம் நாள் மில்லில் விசாரணை. மேனேஜர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். போதையில் வேலைக்கு வந்தார், கேட்டை ஏமாற்றிவிட்டு உள்ளே போனார் என்று டைப் அடித்திருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் முத்துராசுவுக்கு வேலை போகும். போடாவிட்டால் கேள்வி என் பக்கம் திரும்பும். எனக்கு வேலை முடிய இரண்டு வருடம்தான் இருந்தது.

நான் எழுந்து கேட்டுக்குப் போய் டப்பாவைக் கொண்டுவந்து அந்தத் தாள் மேல் வைத்தேன்.

"இதையும் எழுதுங்க சார். அவன் விட்டத மூணு நாளா நீட்டி நீட்டி நான்தான் குடுத்தேன்."

"யோவ், டப்பா மில்லுல எல்லாருக்கும் தெரியும். அதுக்கும் இதுக்கும் என்ன? நீரு டாக்டரா?"

"இல்ல சார். டாக்டரம்மா சொன்னத சொல்லுதேன்."

பஞ்சு விஷயத்தைச் சொன்னேன். எனக்குச் சொல்லத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். மேனேஜரின் கை தானாகத் தன் சட்டைப் பைக்குப் போனது. உள்ளே சிகரெட் டப்பா. தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

அந்தத் தாளைக் கிழித்தார்கள். வேறு எழுதினார்கள். முத்துராசுவை வேலையை விட்டு எடுக்கவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. டப்பா குப்பைக்குப் போனது. அந்த டாக்டரம்மாவை வரவழைத்து, பீடியும் புகையிலையும் விட நினைக்கிறவர்களுக்கு மாசம் ஒரு நாள் மில்லிலேயே வைத்தியம் ஏற்பாடு செய்தார்கள். அது இன்னும் நடக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வி அவனுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். டப்பா, ஈர்க்குச்சி, மூன்று நாள் நீட்டியது, கொய்யா இலை. எதையும் மறைக்கவில்லை.

"வாங்கிப் போட்டது நான்தான. அண்ணாச்சிய ஏன் இழுக்க?" என்றான் முத்துராசு.

"நீங்க பேசாம இருங்க" என்றாள் செல்வி. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"வாயில எதுவும் போவக்கூடாதுன்னுதான சொன்னேன் அண்ணாச்சி? எதுவும்னா என்ன அர்த்தம்?"

அவள் பார்வை என் கடைவாய்ப் பக்கம் வந்தது.

"நீங்க போடுதீங்களா?"

"போடுதேன்."

"எம்புட்டு வருசமா?"

"முப்பது இருக்கும்."

"இப்பமும் வாயில இருக்கா?"

தலையாட்டினேன்.

"எங்க வீட்டு ஆளு வாய நீங்க மோந்து பாத்தீங்க. ஒங்க வாய யாரு மோந்து பாத்தா?"

வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன். அவள் கஞ்சிக் கரண்டியை மறுபடி எடுத்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

பத்து நாள் கழித்து அவள் மட்டும் வேலைக்கு வந்தாள். பெண்கள் வரிசையை விட்டு விலகி என் முன்னால் வந்து நின்றாள்.

"ஊதுங்க, அண்ணாச்சி."

வரிசை சிரித்தது. "அண்ணாச்சிக்கே செக்கிங்கா!" என்று ஒருத்தன் சொன்னான். நான் ஊதினேன். அவள் மோந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சுத்தம் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல முடியாது. வரும் வழியில்தான் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். நாலு நாள் போடாமல் இருப்பேன். ஐந்தாம் நாள் கை நடுங்கும், தூக்கம் வராது, பெற்ற பிள்ளையிடம் எரிந்து விழுவேன். கால் தானாகப் பெட்டிக்கடைக்குப் போகும். ஒரு சிட்டிகை இலைதானே என்று ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவன் நான். அந்த ஒரு சிட்டிகையை விட எனக்கு ஏழு மாசம் ஆனது. அதுவும் டாக்டரம்மாவிடம் பேர் எழுதிக்கொடுத்து, மருந்து வாங்கி. முத்துராசு அதையும் குடியையும் சேர்த்து விட்டுவிட்டு வந்து நின்றான். எவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு வந்தவனிடம் நான் டப்பாவை நீட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஒரு நாள் காலை ஊதினேன். செல்வி உடனே நகரவில்லை. திரும்பவும் ஊதச் சொன்னாள். ஊதினேன்.

"சுத்தம்" என்றாள்.

அன்றைக்கு வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

முத்துராசு இப்போது ஸ்டோரில் இருக்கிறான். இடது கையால் எழுதப் பழகிவிட்டான். நடுவில் ஒரு தடவை சறுக்கினான். ஆனால் தானாகவே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் டாக்டரம்மாவிடம் சொன்னான். இனி சறுக்கவே மாட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லி ஒரு தடவை பட்டுவிட்டேன்.

போன வாரம் உங்களைப் பார்க்க வந்தேன். இரண்டு பேருக்கு மேல்வரிசைப் பல்லுக்கு மேலே உதடு உப்பியிருந்தது. புகையிலை அடைத்த சின்னப் பொட்டலம். துப்ப வேண்டியதில்லை, வாடை அதிகம் இல்லை, வெளியே தெரியாது என்று நினைக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் ஏச மாட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை.

செல்வி இன்னும் கோன் டிபார்ட்மெண்டில்தான் இருக்கிறாள். நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு, கேட்டுக்குப் புதுசாக யார் வந்தாலும் பார்த்துக்கொள் தாயி என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். நாளைக்குக் காலை ஷிப்ட் பஸ்ஸில் வருவாள். வரிசையை விட்டு விலகி உங்கள் முன்னால் வந்து நிற்பாள்.

கேட்டால் ஊதுங்கள்.